மழைக்கு எத்தனை எண்கள்?

இரவு பதினொரு மணிக்கும் காட்டாங்குளத்தூரில் ஜி.எஸ்.டி. சாலை அடங்குவதில்லை. தென்மாவட்டங்களுக்குக் கிளம்பிய ஆம்னி பஸ்கள் தாம்பரத்தையும் கூடுவாஞ்சேரியையும் கடந்து அப்போதுதான் வேகம் பிடிக்கும். சாலையை ஒட்டியே தண்டவாளம். பொத்தேரியிலிருந்து மறைமலைநகர் வரைக்கும் விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் படுத்திருக்கும் மாணவர்களில் சிலர் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு செல்பேசியில் மழை பெய்ய விடுகிறார்கள். கத்திரி வெயில் மாதத்திலும் அந்த மழை சோவென்று கொட்டும். ஹாரன் சத்தம் அதில் கரைந்துபோகும்.

மழை ஓசையை எங்காவது பதிவு செய்து வைத்திருக்கலாம். ஆனால் இத்தகைய செயலிகளில் பெரும்பாலும் 'வெள்ளை இரைச்சல்' என்று ஒரு பொத்தானும் இருக்கும். ஊர்பேர் தெரியாத ஒரு 'ஸ்ஸ்ஸ்...' அது. அதற்கு மைக் பிடித்துப் பதிவு செய்ய ஒன்றுமே வேண்டாம். செல்பேசி அந்தந்தக் கணத்தில் கணக்குப் போட்டே அதை உண்டாக்கிவிடும்.

இங்கேதான் ஒரு புதிர். கணினி என்பது சொன்னதைச் சொன்னபடி செய்யும் இயந்திரம். ஏழையும் எட்டையும் கூட்டச் சொன்னால் ஆயிரம் முறையும் பதினைந்துதான் சொல்லும். ஒழுங்கைத் தவிர வேறெதுவும் தெரியாத அந்தப் பெட்டிக்குள்ளிருந்து இவ்வளவு ஒழுங்கற்ற ஓசை எப்படி வருகிறது?

'ஆ' பாடலாம், 'ஸ்' பாட முடியாது

இரைச்சல் என்றால் என்னவென்று அறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை, வாய் போதும். 'ஆ' என்று நீட்டிச் சொல்லிப் பாருங்கள். அதையே சற்று ஏற்றலாம், இறக்கலாம். கொஞ்சம் பயிற்சி இருந்தால் சரிகமபதநி முழுவதையும் அந்த 'ஆ'விலேயே பாடிவிடலாம். இப்போது 'ஸ்ஸ்ஸ்' என்று நீட்டுங்கள். அதில் சுருதி சேர முடியுமா? பாம்புச் சீறலை ஏழு சுரத்தில் யாராலும் பாட முடியாது.

'ஆ' சொல்லும்போது குரல்நாண்கள் திறந்து மூடுகின்றன. ஒரு நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை, ஏறக்குறைய ஒரே அலைவடிவம் திரும்பத் திரும்ப வருகிறது. அந்தத் திரும்பி வருதலைத்தான் காது சுரமாக உணர்கிறது. வேகமாகத் திரும்பினால் உச்ச சுரம், மெதுவாகத் திரும்பினால் கீழ்ச் சுரம். 'ஸ்' சொல்லும்போது குரல்நாண்கள் சும்மா இருக்கின்றன. நாக்குக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள சிறு இடுக்கில் காற்று முட்டி மோதிச் சுழல்கிறது. ஒரு கணத்து அலை அடுத்த கணத்து அலையைப் போல இருப்பதில்லை.

முறத்தில் அரிசி புடைக்கும் ஓசை, தாளிப்பில் கடுகு வெடித்து ஓய்ந்தபின் எழும் இரைச்சல், நிலையம் சிக்காத வானொலியின் உஸ் எல்லாமே இந்த வகைதான். காது தேடிப் பார்க்கிறது. திரும்பி வரும் எதுவும் கிடைப்பதில்லை.

நொடிக்கு 44,100

கணினிக்கு ஒலி என்பது எண் வரிசை. ஸ்பீக்கரின் தாள் எந்தக் கணத்தில் எவ்வளவு முன்னே வர வேண்டும், எவ்வளவு பின்னே போக வேண்டும் என்று ஒவ்வோர் எண்ணும் சொல்கிறது. ஒலிப்பதிவுக்காரர்கள் இந்த எண்ணைச் 'சாம்பிள்' என்பார்கள். 1982-இல் விற்பனைக்கு வந்த சி.டி. தட்டு, ஒரு காதுக்கு ஒரு நொடிக்கு 44,100 எண்கள் என்று கணக்கு வைத்தது. அந்த எண்ணிக்கை இன்றைக்கும் பரவலாகப் புழங்குகிறது.

அப்படியானால் வெள்ளை இரைச்சல் செய்யும் வழி எளிது. நொடிக்கு 44,100 எண்களைக் கண்ணை மூடிக்கொண்டு எழுத வேண்டும். முந்தைய எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் எந்த உறவும் இருக்கக் கூடாது. அவ்வளவுதான்.

கண்ணை மூடிக்கொண்டு எழுதினால் எல்லா எண்களும் தற்செயலாக ஒரே பக்கம் சாய்ந்து, இரைச்சலே கேட்காமல் போய்விடாதா என்று ஒருவர் கேட்கலாம். நாணயத்தைப் பத்து முறை சுண்டி பத்தும் தலை விழ 1,024-இல் ஒரு வாய்ப்பு. இருபது முறையும் தலை விழ ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒன்று. 44,100 முறையும் தலை விழும் வாய்ப்பு எவ்வளவில் ஒன்று என்று எழுதப் புகுந்தால், அந்த எண்ணுக்கு 13,000-க்கும் மேற்பட்ட இலக்கங்கள் வேண்டும். இப்படி அரிதான நிகழ்ச்சிகள் எந்த அளவுக்கு அரிது என்று கணிக்கும் கணிதத்துக்கு ஒரு முழுமையான கோட்பாட்டை அமைத்தவர் சென்னையில் பிறந்த எஸ். ஆர். சீனிவாச வரதன். அதற்காக 2007-இல் ஆபெல் பரிசு பெற்றார். காட்டாங்குளத்தூரிலிருந்து ரயிலில் சில நிலையங்கள் தள்ளி, தாம்பரத்துச் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில்தான் அவர் இடைநிலை வகுப்பு படித்தார். பிறகு மாநிலக் கல்லூரிக்குப் போய்ப் புள்ளியியல் பயின்றார்.

பகடை உருட்டத் தெரியாத இயந்திரம்

உறவில்லாத எண்களுக்கு எங்கே போவது என்ற சிக்கல் பழைய மின்னணு இசைக் கருவிகளுக்கு இல்லை. அவற்றின் சுற்றுகளிலேயே இயற்கை இரைச்சல் உண்டு. எந்தக் கம்பியிலும் எலக்ட்ரான்கள் வெப்பத்தால் தத்தளித்துக்கொண்டே இருக்கின்றன. அந்தத் தத்தளிப்பைப் பெருக்கினால் உஸ் என்று கேட்கும். 1980-இல் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் வெளியிட்ட டி.ஆர்-808 என்ற தாளப் பெட்டியில் ஸ்னேர் டிரம்மின் 'ச்சக்' என்ற ஒலிக்கு ஒரு டிரான்சிஸ்டரின் இரைச்சல்தான் மூலப்பொருள். நல்ல டிரான்சிஸ்டர் அவ்வளவு இரைச்சல் போடாது. அதனால் தரச் சோதனையில் தேறாதவற்றையே தேடி வாங்கிப் பொருத்தினார்கள். பிறர் ஒதுக்கிய பொருள் உலகெங்கும் ஒலித்த தாளமானது.

எண்களால் மட்டுமே இயங்கும் கணினிக்கு அந்த வசதி கிடையாது. அது பகடை உருட்டுவதுபோல நடிக்க வேண்டும். நடிக்கக் கற்றுத் தந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்கக் கணிதவியலாளர் டி. எச். லேமர். 1949-இல் அவர் முன்வைத்த யோசனை திண்ணையில் உட்கார்ந்து விளையாடக்கூடிய அளவுக்கு எளிது. இப்படிக் கணக்குப் போட்டுப் பெறும், தற்செயல் போலத் தோன்றும் எண்களைப் 'போலித் தற்செயல் எண்கள்' என்று அழைக்கலாம்.

அவர் யோசனையை ஒட்டிய விளையாட்டு இதுதான். ஏதாவது ஓர் எண்ணில் தொடங்குங்கள். அதை ஐந்தால் பெருக்கி, மூன்றைக் கூட்டி, பதினாறால் வகுத்து, மீதியை மட்டும் எழுதுங்கள். அந்த மீதியைக் கொண்டு மறுபடியும் அதே வேலை. 7-இல் தொடங்குவோம். ஐந்தேழு முப்பத்தைந்து, மூன்று சேர்த்தால் 38. பதினாறால் வகுக்க மீதி 6. ஆறுக்கு 33 வரும், மீதி 1. ஒன்றுக்கு 8. எட்டுக்கு 43, மீதி 11. தொடர்ந்தால் இந்த வரிசை கிடைக்கும்:

7, 6, 1, 8, 11, 10, 5, 12, 15, 14, 9, 0, 3, 2, 13, 4

அடுத்து வருவது 7. வந்த வழியே மறுபடி சுற்றத் தொடங்கிவிடும்.

சூத்திரம் தெரியாதவர் இதைப் பார்த்தால் குலுக்கிப் போட்ட சீட்டுகள் என்றுதான் நினைப்பார். பூஜ்யம் முதல் பதினைந்து வரை ஒவ்வோர் எண்ணும் ஒரே ஒரு முறை வந்திருக்கிறது. ஆனால் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒற்றை, இரட்டை, ஒற்றை, இரட்டை என்று மாறி மாறி, ஒரு தடவைகூடத் தவறாமல் வருகின்றன. நடிப்பில் எங்கோ ஓர் இழை வெளியே தெரிந்துவிட்டது. இந்தக் குறை லேமர் வகைக் கணக்குகளில் உண்மையாகவே உண்டு. அதனால்தான் இத்தகைய கணக்கைப் பயன்படுத்துவோர் விடையின் கடைசி இலக்கங்களை நம்பாமல் முன்னிலக்கங்களை மட்டும் எடுத்துக்கொள்வது வழக்கம்.

கண்ணுக்கு முன்னால் காது

மேலே உள்ள பதினாறு எண்களை ஸ்பீக்கருக்கு அனுப்பினால் என்ன கேட்கும்? நொடிக்கு 44,100 எண்கள் ஓடும்போது பதினாறு எண்களின் சுற்று நொடிக்கு 2,756 தடவை திரும்பி வரும். திரும்பி வருவது எதுவோ அது சுரம். ஆகவே கேட்பது மழையாக இருக்காது. போக்குவரத்துக் காவலரின் விசில் போன்ற கூரிய கீச்சொலிதான் கேட்கும்.

சுற்றை நீட்டினால்? பெல் ஆய்வுக்கூடத்தில் நியூமன் கட்மனும் பேலா யூலெஷும் 1963-இல் இதையே சோதித்தார்கள். ஒரு துண்டு இரைச்சலை எடுத்து, இடைவெளியில்லாமல் திரும்பத் திரும்ப ஒலிக்க விட்டார்கள். துண்டு மிகச் சிறியதாக இருந்தபோது சுரம் கேட்டது. நொடிக்கு நான்கிலிருந்து இருபது தடவைக்குள் திரும்பியபோது மோட்டார் படகு போலப் 'படபட' என்றது. அதைவிட மெதுவாக, நொடிக்கு ஒன்றிரண்டு தடவை திரும்பியபோது, யாரோ மூச்சு விடுவதைப் போல 'வ்வூஷ்... வ்வூஷ்...' என்று கேட்டது. ஒரு நொடிக்குள் ஓடும் பல்லாயிரம் அலை நெளிவுகளை யாராலும் மனப்பாடம் செய்ய முடியாது. ஆனாலும் அதே துண்டு மறுபடி வந்ததும் காது அடையாளம் கண்டுகொள்கிறது. தாளில் எழுதிக் காட்டினால் கண் இதில் தோற்றுவிடும்.

தொண்ணூறுகளில் தொலைக்காட்சிப் பெட்டியில் கேசட் செருகி வீடியோ கேம் ஆடிய தமிழ்நாட்டுப் பிள்ளைகள் இந்த வித்தியாசத்தைத் தெரியாமலே கேட்டு வளர்ந்தவர்கள். அவர்கள் கைக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை ஜப்பானில் 1983-இல் வெளியான நின்டெண்டோ ஃபேமிகாமின் நகல்கள். அந்தக் கருவியின் ஒலிச் சில்லில் இரைச்சலுக்கென்றே ஒரு தனிப் பகுதி இருந்தது. காண்ட்ராவின் குண்டு வெடிப்பு, மாரியோவின் பின்னணி இசையில் 'ச்சிக் ச்சிக்' என்று தாளம் பிடிக்கும் ஒலி எல்லாம் அங்கிருந்து வந்தவை.

அதன் இயக்கத்தை டிக்கெட் கவுன்ட்டர் வரிசையாகக் கற்பனை செய்யலாம். பதினைந்து பேர் நிற்கிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒன்று அல்லது பூஜ்யம் எழுதிய சீட்டு. முதலில் நிற்பவரின் சீட்டையும் இரண்டாமவரின் சீட்டையும் ஒப்பிட வேண்டும். வேறுபட்டால் வரிசையின் கடைசியில் 'ஒன்று' சீட்டோடு ஒருவர் வந்து சேர்வார், ஒரே மாதிரி இருந்தால் 'பூஜ்யம்' சீட்டோடு சேர்வார். முதலாமவர் வெளியேறுகிறார், அவர் சீட்டுதான் ஒலியாகிறது. இந்தச் சின்ன விதி 32,767 அடிகள் கடந்த பிறகே தொடங்கிய இடத்துக்குத் திரும்புகிறது. காதுக்கு அது சரியான இரைச்சல். இரண்டாமவருக்குப் பதிலாக ஏழாமவரோடு ஒப்பிடும்படி ஒரு மாற்றுவழியும் அந்தச் சில்லில் உண்டு. அப்போது சுற்று வெறும் 93 அடிகளாகச் சுருங்கிவிடும். குண்டு வெடிப்பு மறைந்து, தகரத்தைச் சுரண்டுவது போன்ற உலோக ஒலி கேட்கும். ஒரே ஓர் இடம் மாறியதால் இரைச்சல் பாதி வழி சுரத்தை நோக்கி வந்துவிட்டது.

இன்றைய செல்பேசிக்கு இந்த நெருக்கடிகள் இல்லை. லேமர் முறையையே பதினாறுக்குப் பதில் சுமார் 429 கோடி எண்கள் கொண்ட சுற்றில் ஓட்டினால், மறுபடி தொடங்க 27 மணி நேரம் ஆகும். விடுதியில் ஓர் இரவுத் தூக்கத்துக்கு அது தாராளம். 1990-களின் இறுதியில் ஜப்பானிய ஆய்வாளர்கள் மட்சுமோட்டோவும் நிஷிமுராவும் உருவாக்கிய 'மெர்சென் ட்விஸ்டர்' என்ற முறையின் சுற்று நீளத்தை எழுதவே 6,002 இலக்கங்கள் வேண்டும்.

இரைச்சலிலிருந்து ஒரு தந்தி

இதுவரை, திரும்பி வருதலை ஒழிப்பதே வேலையாக இருந்தது. இனி வேண்டுமென்றே அதை உள்ளே விடுவோம். இந்த அத்தியாயத்தின் மிக அழகான கணக்கு இதுதான். அமெரிக்காவில் கெவின் கார்ப்ளஸும் அலெக்சாண்டர் ஸ்ட்ராங்கும் 1983-இல் வெளியிட்ட முறை இது. தந்தியை மீட்டும் ஒலியைச் செய்ய வேண்டும். தந்தியும் கிடையாது, பதிவும் கிடையாது.

ஆண் குரலுக்கு ஒரு கட்டைச் சுருதியின் சட்ஜம் நொடிக்குச் சுமார் 131 அதிர்வுகள். 44,100-ஐ 131-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 337. ஆகவே 337 போலித் தற்செயல் எண்களை எழுதி, வட்டமாக அடுக்குங்கள். அந்த வட்டத்தை அப்படியே சுற்றவிட்டால் 131 அதிர்வு கொண்ட ஒரு சுரம் கேட்கும். ஆனால் அது உயிரில்லாத, கரகரப்பான, நிற்காத ரீங்காரம்.

உயிர் வருவது அடுத்த படியில். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வோர் எண்ணையும், அதற்கும் பக்கத்து எண்ணுக்கும் உள்ள சராசரியாக மாற்ற வேண்டும். 337 எண்களோடு செய்து பார்க்க இடமில்லை. நான்கை வைத்துப் பார்ப்போம். வட்டத்தில் 9, 1, 7, 3 இருக்கின்றன. ஒன்பதுக்கும் ஒன்றுக்கும் சராசரி 5. ஒன்றுக்கும் ஏழுக்கும் 4. ஏழுக்கும் மூன்றுக்கும் 5. மூன்றுக்கும், வட்டம் என்பதால், ஒன்பதுக்கும் 6. புதிய வட்டம் 5, 4, 5, 6. இன்னொரு சுற்று போனால் 4.5, 4.5, 5.5, 5.5. அதற்கடுத்து 4.5, 5, 5.5, 5. ஒன்றுக்கும் ஒன்பதுக்கும் இடையே தாவிக்கொண்டிருந்த எண்கள் மூன்றே சுற்றில் ஐந்தை ஒட்டி நெளியும் மெல்லிய அலையாகிவிட்டன. மேடுபள்ளமான கரகரப்பு முதலில் தேய்கிறது. அகன்ற, மென்மையான நெளிவு மட்டும் நீடித்து மெல்ல ஓய்கிறது.

வீணைத் தந்தியை மீட்டியதும் நடப்பதும் இதுதான். தொட்ட கணத்தில் உலோகத்தின் கூர்மையான 'டிங்' எழும். கூர்மை சீக்கிரம் மடியும், அடிச்சுரம் நின்று ஒலிக்கும். கணினியில் இது நொடிக்கு 131 சுற்றுகள் நடக்கிறது. கேட்பவருக்குத் தெரிவது சுத்தமான ஒரு மீட்டு.

தற்செயல் எண்கள் இங்கே கடனுக்கு வந்தவை இல்லை. ஒவ்வொரு மீட்டுக்கும் புதிய 337 எண்களை நிரப்புவதால் அடுத்தடுத்த மீட்டுகளின் தொடக்கம் நூலளவு வேறுபடும். விரலும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரித் தொடுவதில்லை அல்லவா. பதிவு செய்த ஒரே மீட்டைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டால் காது இயந்திரத்தைக் கண்டுபிடித்துவிடும்.

ஆனாலும் இந்த எளிய முறையால் தம்புராவைத் தொட முடியாது. வரதன் பின்னாளில் படித்த அதே மாநிலக் கல்லூரியின் பழைய மாணவரான சி. வி. ராமன், கல்கத்தாவில் இருந்தபோது 1921-இல் வீணையையும் தம்புராவையும் ஆராய்ந்து எழுதினார். தந்தியை எந்த இடத்தில் மீட்டினால் எந்த மேல்சுரம் எழக்கூடாது என்று இயற்பியல் ஒரு விதி சொல்கிறது. தம்புரா அந்த விதியை மீறி, எழக்கூடாத மேல்சுரங்களையும் எழுப்புவதை அவர் கவனித்தார். தந்தியைத் தாங்கும் 'குதிரை' என்ற கட்டையின் வளைந்த பரப்பும், அதற்கும் தந்திக்கும் இடையே செருகும் நூலும்தான் காரணம். தந்தி ஒவ்வோர் அசைவிலும் அந்தப் பரப்பைத் தொட்டுத் தொட்டு விலகுகிறது. கணினியில் தம்புராவைக் கட்ட விரும்புவோர் சராசரிக் கணக்கோடு அந்தத் தொட்டு விலகுதலையும் சேர்த்தாக வேண்டும்.

மழையின் நிறம்

மறுபடி விடுதி அறைக்கு. வெள்ளை இரைச்சலை அப்படியே மழை என்று போட்டால் நம்பும்படி இருக்காது, காதைக் குத்தும். காரணம் ஸ்தாயிக் கணக்கில் இருக்கிறது. ஒரு ஸ்தாயி ஏறினால் அதிர்வு இரட்டிப்பாகும். வெள்ளை இரைச்சலில் நொடிக்கு 10,000 அதிர்வுக்குக் கீழே எவ்வளவு ஆற்றலோ, பத்தாயிரத்துக்கும் இருபதாயிரத்துக்கும் இடையிலும் அவ்வளவு. ஆனால் காதுக்கு அந்த மேற்பாதி வெறும் ஒரு ஸ்தாயிதான். பாதி ஆற்றல் கடைசி ஸ்தாயியில் குவிந்தால் கூச்சல்தான் மிஞ்சும்.

எல்லா ஸ்தாயிக்கும் சமமாகப் பங்கிட்டது 'இளஞ்சிவப்பு இரைச்சல்'. அமெரிக்க இயற்பியலாளர் ரிச்சர்ட் வாஸ் இதற்குப் பகடையாலேயே ஒரு வழி சொன்னார். சற்று எளிமையாக்கிச் சொன்னால், மூன்று பகடைகள் வேண்டும். ஒன்றை ஒவ்வொரு முறையும் உருட்ட வேண்டும், மற்றொன்றை இரண்டு முறைக்கு ஒரு தடவை, மூன்றாவதை நான்கு முறைக்கு ஒரு தடவை. மூன்றின் கூட்டுத்தொகைதான் அடுத்த எண். அடிக்கடி மாறும் பகடை உச்ச ஒலியைத் தரும், சோம்பேறிப் பகடை கீழ் ஒலியைத் தரும். இன்னும் கனமான 'பழுப்பு இரைச்சல்' கிடைக்க, முந்தைய எண்ணிலிருந்து சிறு அடி முன்னோ பின்னோ வைத்துக்கொண்டே போக வேண்டும். அருகில் நின்று கேட்கும் அருவிக்கு அந்தக் கனம் உண்டு. பழுப்பு இரைச்சலின் ஆங்கிலப் பெயர் நிறத்தைக் குறிப்பதன்று. நீரில் மிதக்கும் துகள்களின் தள்ளாட்டத்தை 1827-இல் கண்ட ராபர்ட் பிரவுனின் பெயர் அது. தமிழில் பழுப்பு என்று நிலைத்துவிட்டால் அந்த மனிதர் மறைந்துபோவார்.

தமிழ்க் காதுக்கு மழை ஒரே ஓசையாக இருந்ததும் இல்லை. 'சோ'வென்பது தூரத்து மழை, தனித் துளிகள் ஒன்றோடொன்று கலந்து இரைச்சலாகிவிட்ட நிலை. 'சடசட' தகரக் கூரையில் எண்ணிவிடக் கூடிய துளிகள். ஒலி வடிவமைப்பவர்களும் இந்த இரண்டையும் தனித்தனியாகவே செய்வார்கள். பின்னால் வடிகட்டிய இரைச்சல். அதன்மேல், எப்போது விழும் என்று தற்செயல் எண் தீர்மானிக்கும் தனித் துளிகள். துளிகள் சீரான இடைவெளியில் விழுந்தால் அது குழாய்ச் சொட்டாகிவிடும்.

எதிர்முனையின் மௌனம்

தூங்கும் முன் வீட்டுக்கு ஒரு போன். அம்மா பேசிக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்துகிறார். அடுப்பைப் பார்க்கப் போயிருக்கலாம். இந்தப் பக்கம் காதில் மெல்லிய 'உஸ்' கேட்கிறது. வீட்டின் அமைதி அதுதான் என்று தோன்றும்.

பேசும்போது செல்பேசி நொடிக்கு 50 பொட்டலங்களாகக் குரலை அனுப்புகிறது. யாரும் பேசாதபோது மின்கலத்தையும் அலைவரிசையையும் மிச்சப்படுத்த அனுப்புவதை ஏறக்குறைய நிறுத்திவிடுகிறது. இன்று பரவலாக உள்ள முறையில் நொடிக்குச் சுமார் ஆறு சிறு குறிப்புகள் மட்டும் போகும். பின்னணி எவ்வளவு சத்தம், எந்த மாதிரிச் சத்தம் என்ற அடையாளம் மட்டுமே அவற்றில் உண்டு. அதையும் விட்டுவிட்டு முழு நிசப்தம் கொடுத்தால் இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்து "ஹலோ, ஹலோ" என்று கத்துவோம். அதனால் கேட்பவரின் கைபேசி அந்தக் குறிப்புகளை அளவாக வைத்துக்கொண்டு தானே போலித் தற்செயல் எண்களை உண்டாக்கி, இடைவெளியை நிரப்புகிறது. பொறியாளர்கள் இதற்கு வைத்த பெயரைத் தமிழில் 'ஆறுதல் இரைச்சல்' எனலாம்.

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து மறுபடி பேசும்வரை, கேட்டுக்கொண்டிருந்த வீட்டின் அமைதி காட்டாங்குளத்தூரில், காதோடு ஒட்டியிருந்த பெட்டிக்குள் பெருக்கிக் கூட்டி வகுத்துச் செய்தது.